நான்தானே அட்மின், பிறகு ஏன் திறக்க மறுக்கிறது? கோப்பு உரிமைச் சிக்கலில் மாட்டிய அனுபவங்கள்

அப்பா இறந்து சில மாதங்களில் அவருடைய கம்ப்யூட்டரும் நின்றுபோனது. மதர்போர்டு போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் நன்றாகவே இருந்தது. அதைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு என் லேப்டாப்பில் செருகினேன். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அப்பா பெயரில் ஒரு ஃபோல்டர். திறக்கப் போனால், இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி. என் லேப்டாப்பில் இருப்பதே ஒரு அக்கவுண்ட்தான், அதுவும் அட்மின் அக்கவுண்ட். அப்புறம் யாரிடம் போய் அனுமதி கேட்பது?

‘கன்டினியூ’ பட்டனை அழுத்தினேன். மேலே பச்சைக் கோடு நகர்ந்தது, முக்கால் மணி நேரம். பெரும்பாலானவை திறந்தன. ‘எழுத்து’ என்ற ஒரு ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. அப்பா பல வருடங்களாகத் தட்டச்சு செய்துவந்த வாழ்க்கைக் குறிப்புகள் அதில்தான் இருந்தன.

ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பட்டியலில் ஒரே ஒரு வரி: ‘அக்கவுண்ட் அன்னோன்’, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எஸ்-1-5-21 என்று தொடங்கி 1001 என்று முடியும் நீண்ட எண். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அப்பாதான். விண்டோஸ் ஆட்களைப் பெயரால் அறிவதில்லை, இந்த எண்ணால்தான் அறிகிறது. அந்த எண்ணுக்கு என்ன பெயர் என்ற பதிவு அவருடைய பழைய விண்டோஸுக்குள் இருக்கிறது. என் லேப்டாப்புக்கு அவர் யாரோ ஒரு எண்.

மற்ற ஃபோல்டர்கள் திறந்ததற்குக் காரணம், அவற்றின் பட்டியலில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழுவும் இருந்தது. அந்தக் குழுவின் எண், எஸ்-1-5-32-544, எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஒன்றுதான். ‘எழுத்து’ ஃபோல்டரில் தன்னைத் தவிர எல்லோரையும் அப்பா நீக்கியிருந்தார்.

அட்மினுக்கு எந்தக் கோப்பையும் படிக்கும் உரிமை தானாக இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் உரிமையாளர் பதவியை எடுத்துக்கொள்ளும் சலுகை இருக்கிறது. எடுத்துக்கொண்ட பிறகு, உரிமையாளர் என்ற முறையில் தனக்குத் தானே அனுமதி எழுதிக்கொள்ள வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்டை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறந்து, முதலில் உரிமையை எடுக்கும் டேக்ஓன் கட்டளை, அடுத்து அனுமதி எழுதும் ஐகேக்ல்ஸ் கட்டளை. இரண்டையும் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். டேக்ஓனில் ‘/ஏ’ சேர்த்தால் உரிமை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்குப் போகும், சேர்க்காவிட்டால் உங்கள் தனி அக்கவுண்டுக்குப் போகும். நான் குழுவுக்குக் கொடுத்தேன்.

ஃபோல்டர் திறந்தது. உள்ளே 41 கோப்புகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னப் பூட்டுப் படம். எதைத் தொட்டாலும் ‘அக்சஸ் டினைட்’. முழு அனுமதி என் கையில் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை. அப்பா அவற்றை விண்டோஸிலேயே உள்ள ஈஎஃப்எஸ் முறையில் என்க்ரிப்ட் செய்திருந்தார். அனுமதி என்பது வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி, அவரைத் தாண்டிவிடலாம். என்க்ரிப்ஷன் கோப்பின் எழுத்தையே மாற்றி வைத்திருப்பது. அதற்கான சாவி அவருடைய அக்கவுண்டுக்குள், அவருடைய பாஸ்வேர்டால் பூட்டப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்ய இருந்தேன். பழைய விண்டோஸின் பாஸ்வேர்டை வெளியிலிருந்து அழிக்கும் கருவி ஒன்றைத் தரவிறக்கி, பென் டிரைவில் ஏற்றியும் விட்டேன். அப்படி அழித்திருந்தால் உள்ளே நுழைந்திருக்கலாம், சாவியைத் திறக்கும் வழி போயிருக்கும். நண்பர் ஒருவர் தடுத்தார். அவர் வீட்டு டெஸ்க்டாப்பிலேயே அந்த டிஸ்க்கை மாட்டினோம், விண்டோஸ் 10 தடங்கலில்லாமல் எழுந்தது. பாஸ்வேர்டு அப்பாவின் டைரியின் கடைசிப் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே இருந்தது. உள்ளே போனதும் முதலில் அந்த என்க்ரிப்ஷனுக்கான சான்றிதழைத் தனிச் சாவியோடு ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்தேன். பிறகுதான் ஃபோல்டரின் என்க்ரிப்ஷன் டிக்கை எடுத்தேன்.

உங்களில் யாருக்காவது இந்த மாதிரி நேர்ந்திருந்தால் எழுதுங்கள். எங்கே தவறியது, எப்படி மீண்டீர்கள் என்பதையும் சேர்த்து.

* * *

சார், அந்தப் பென் டிரைவை நீங்கள் செருகாமல் விட்டது பெரிய விஷயம். படிக்கும்போதே எனக்குப் பதறியது.

நான் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் பொறுப்பாளர். என் கதை உங்களுடையதற்கு நேர் எதிர். எனக்கு எல்லாமே உடனே திறந்துகொண்டது, அதுதான் ஆபத்தாகப் போயிற்று. பழைய பிரிண்டர் டிரைவர் கோப்பு ஒன்றை அழிக்க வேண்டும். ‘டிரஸ்டட் இன்ஸ்டாலரிடம் அனுமதி பெறுங்கள்’ என்று வந்தது. அப்படி ஓர் ஆள் எங்கள் ஆய்வகத்தில் இல்லையே என்று எரிச்சல். ரைட் கிளிக் மெனுவில் ‘டேக் ஓனர்ஷிப்’ என்று சேர்க்கும் ஒரு ரெஜிஸ்ட்ரி கோப்பு கிடைத்தது. ஒவ்வொரு ஃபோல்டராக எதற்கு என்று சி டிரைவ் மொத்தத்தின் மேலும் அதை அழுத்தினேன். பிரிண்டர் கோப்பு அழிந்தது. அந்தக் கம்ப்யூட்டர்தான் எங்கள் மாதிரிப் பிரதி. அன்று மாலையே அதை நகலெடுத்து மற்ற 24 கம்ப்யூட்டர்களிலும் ஏற்றினேன்.

இரண்டே நாளில் ஸ்டோரிலிருந்து வந்த செயலிகள் திறக்கவில்லை. அடுத்த அப்டேட் பாதியில் நின்று, பின்வாங்கி, மறுபடி நின்றது. சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளையை ஓட்டினேன், கோப்புகள் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னது. ஆமாம், கோப்புகள் சரிதான், அவை யாருடையவை என்பதைத்தானே நான் கலைத்திருந்தேன்.

டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்பது விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோஸில் இருக்கும் ஒரு சேவை. அப்டேட்டுகளை நிறுவும் வேலை அதனுடையது. சிஸ்டம் கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் உரிமையாளர். அட்மினே கைதவறி அழித்துவிடக் கூடாது, வைரஸ் அட்மின் உரிமையோடு ஓடினாலும் எளிதில் கைவைக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஒரு கோப்பை எடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். உரிமையாளர் பெயராக வெறும் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்று அடித்தால் கிடைக்காது, முன்னால் ‘என்டி சர்வீஸ்’ என்று போட்டு பின்சாய்வுக் கோடு வைத்து அடிக்க வேண்டும். இது தெரியாமலேயே ஒரு மதியம் போயிற்று. ஆனால் லட்சத்துக்கு மேற்பட்ட கோப்புகளில் எது யாருடையதாக இருந்தது என்று எதை வைத்துத் திருப்புவது? கடைசியில் நிறுவல் பென் டிரைவிலிருந்து, கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மேலேயே மறுபடி நிறுவும் முறையில் மாதிரிப் பிரதியைச் சரிசெய்து, 24 கம்ப்யூட்டர்களுக்கும் மறுபடி நகலெடுத்தேன். செமஸ்டர் செய்முறைத் தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது.

* * *

லினக்ஸ் பக்கத்திலிருந்து ஒன்று. சர்வர் பார்ப்பது என் வேலை.

வலைத்தளக் கோப்புகளின் உரிமையை மாற்ற, சுடோ (ரூட் என்ற தலைமைப் பயனரின் அதிகாரத்தில் ஓட்டுவது) போட்டு, உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளை, உள்ளே உள்ள எல்லாவற்றுக்குமாக ‘-ஆர்’. பாதையை அடிக்கும்போது முதல் சாய்வுக் கோட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. அந்த ஓர் இடைவெளியால் பாதை இரண்டாக உடைந்து, முதல் பாதி வெறும் ‘/’ ஆனது, அதாவது மொத்த சிஸ்டமும். என்டர் தட்டியதும் உடனே திரும்ப வேண்டிய கர்சர் திரும்பவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. வரியை மறுபடி படித்தேன். கன்ட்ரோல்-சி அடித்தபோது அது பாதி சிஸ்டத்தைத் தாண்டியிருந்தது. கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளை ‘/’ மேல் ஓட மறுக்கும், அந்தத் தடுப்பு அதில் இயல்பாகவே உண்டு. சிஎச்ஓனில் அதை நாமேதான் கேட்டு வாங்க வேண்டும்.

உடனே சரிசெய்யலாம் என்று சுடோ அடித்தால், தான் யுஐடி 0க்கு, அதாவது ரூட்டுக்கு, சொந்தமாக இருக்க வேண்டும், செட்யுஐடி பிட் இருக்க வேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டது. சாதாரணப் பயனர் ஓட்டும் ஒரு நிரலுக்கு அதன் உரிமையாளரின் அதிகாரத்தைக் கொடுப்பதுதான் செட்யுஐடி. யூனிக்ஸுக்காக டென்னிஸ் ரிட்சி கண்டுபிடித்தது, 1973இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1979இல் பெற்றார். சுடோ முழுக்க முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. உரிமையாளர் மாறும்போது அந்தப் பிட்டை லினக்ஸ் பாதுகாப்புக்காக எடுத்துவிடும். ஆக, சுடோவின் உரிமையாளரும் போய்விட்டார், பிட்டும் போய்விட்டது.

நல்ல வேளையாக வேறொரு டெர்மினல் ஜன்னலில் காலையிலிருந்து ரூட் ஷெல் ஒன்று திறந்தே கிடந்தது. அதைத் தொடவே கை நடுங்கியது, தவறி மூடிவிட்டால் முடிந்தது. அதில் சுடோவை ரூட்டுக்குத் திருப்பி, செட்யுஐடி பிட்டும் சேர்ந்த 4755 அனுமதியைக் கொடுத்தேன். பிறகு அதே பதிப்பைப் புதிதாக ஒரு விர்ச்சுவல் மெஷினில் நிறுவி, கெட்ஃபேக்ல் கொண்டு எல்லாக் கோப்புகளின் உரிமையாளர், குழு, அனுமதிகளை ஒரே கோப்பாக எழுதவைத்து, இங்கே கொண்டுவந்து செட்ஃபேக்ல் ‘ரீஸ்டோர்’ கொடுத்தேன். அது உரிமையாளரையும் செட்யுஐடி பிட்டையும் சேர்த்தே திருப்பும். புதிய மெஷினில் இல்லாதவற்றை மட்டும் கையால் செய்தேன். டேட்டாபேஸ் ஃபோல்டர் மைஎஸ்க்யூஎல் பயனருக்குத் திரும்பும்வரை அது எழவில்லை. இரவு இரண்டரைக்குத் தளம் வந்தது.

* * *

எனக்கு நடந்தது சின்னது, ஆனால் மூன்று நாள் தின்றது. உபுண்டுவில் சரியான பாஸ்வேர்டு கொடுத்தால் திரை ஒரு நொடி கறுத்து மறுபடி லாகின் பக்கத்துக்கே வரும். தவறான பாஸ்வேர்டு கொடுத்தால் தவறு என்று சொல்லும். அதாவது பாஸ்வேர்டு சரி, உள்ளே விடத்தான் மாட்டேன் என்கிறது. கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அடித்து எழுத்துத் திரைக்குப் போய் ஹோம் ஃபோல்டரைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். வரைகலைத் திரைக்குள் நுழையத் தேவையான எக்ஸ்அதாரிட்டி என்ற மறைந்த கோப்பின் உரிமையாளர், குழு இரண்டும் ‘ரூட் ரூட்’ என்று நின்றன. முந்தைய வாரம் ஒரு வரைகலை எடிட்டரை சுடோ போட்டுத் திறந்திருந்தேன். அது என் வீட்டுக்குள் ரூட் பெயரில் கோப்பை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. உரிமையை என் பெயருக்கு மாற்றினேன், உள்ளே போய்விட்டேன்.

* * *

முதல் பதிவில் வந்த ‘கன்டினியூ’ பட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் ஒரே கம்ப்யூட்டரை நானும் ஒரு அக்காவும் தனித்தனி அக்கவுண்டில் பயன்படுத்தினோம். அவர் விடுப்பில் இருந்தபோது ஒரு ரசீதுக் கோப்பு அவசரமாகத் தேவைப்பட்டது. அவர் ஃபோல்டரைத் திறந்தேன், பெட்டி வந்தது, கன்டினியூ அழுத்தினேன், ரசீதை எடுத்தேன், மூடினேன். இந்த ஒரு முறைக்கு விட்டது என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. அந்தப் பட்டன் ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் என் பெயரை நிரந்தரமாக எழுதிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அக்கா வேறு எதற்கோ செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தபோது என் பெயரைப் பார்த்தார். “என் ஃபோல்டருக்குள்ள உன் பேரு எப்படிம்மா வந்துச்சு?” என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன், நம்பினார். ஆனால் அந்த இரண்டு மாதமும் அவருடைய தனிப்பட்ட கோப்புகள் எனக்குத் திறந்தே கிடந்திருக்கின்றன என்பது எங்கள் இருவரையும் சங்கடப்படுத்தியது. அவர் எதிரிலேயே என் பெயரை நீக்கினேன். பொது கம்ப்யூட்டரில் அட்மின் அக்கவுண்ட் வைத்திருப்பவர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்தால் ‘கேன்சல்’ அழுத்திவிட்டு உரியவருக்கு ஒரு ஃபோன் செய்யுங்கள்.

* * *

லினக்ஸில் 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்ற அனுமதி, கொடுப்பவர்களுக்கு மட்டும். படம் அப்லோட் ஆகவில்லை என்று என் ஹோம் ஃபோல்டர் முழுக்க 777 கொடுத்தேன். அப்லோட் ஆனது. மறுநாள், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடியவில்லை. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஃபோல்டரில் இருக்கும் சாவிப் பட்டியலை அது நம்பாது, சாவியை ஏற்காது. சர்வர் நிறுவனத்தின் அவசரக் கன்சோல் வழியாகப் போய், மற்றவர்கள் எழுத முடியாதபடி ஹோமுக்கு 755, எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, சாவிப் பட்டியலுக்கு 600 கொடுத்த பிறகு உள்ளே விட்டது. அப்லோட் ஃபோல்டரை மட்டும் வெப் சர்வரின் குழுவுக்குக் கொடுத்திருந்தால் போதுமாயிருந்தது.

* * *

முதல் பதிவிட்டவன். எல்லாருக்கும் நன்றி.

ஆய்வகப் பொறுப்பாளர் சார் எழுதியதைப் படித்த பிறகு, அப்பாவின் டிஸ்க்கில் மீதியிருந்த ஃபோல்டர்களைத் தொடும் முன் ஐகேக்ல்ஸ் ‘சேவ்’ கொடுத்து இருந்த அனுமதிகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தேன். திரும்ப வருகிறதா என்று ஒரு ஃபோல்டரில் சோதித்தபோது, கோப்பு கிடைக்கவில்லை என்றே வரிசையாக வந்தது. சேமித்த கோப்பில் பாதைகள் அந்த ஃபோல்டரின் பெயரிலிருந்தே தொடங்குகின்றன, அதனால் ‘ரீஸ்டோர்’ கட்டளையை அதற்கு மேலே உள்ள ஃபோல்டரில் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்ததும் சரியாக வந்தது. இன்னொன்று, இது அனுமதிப் பட்டியலை மட்டும்தான் சேமிக்கிறது, உரிமையாளர் யார் என்பதைச் சேமிப்பதில்லை. சர்வர் நண்பர் சொன்ன லினக்ஸ் முறை போல இல்லை. அதனால் உரிமையாளர் எண்களைத் தனியாக ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

‘எழுத்து’ ஃபோல்டரை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு அக்காவுக்கு அனுப்பினேன். அதில் உரிமையாளர், அனுமதி என்று எதுவும் ஒட்டிக்கொள்வதில்லை, அக்காவின் மேக்கிலும் படிக்கும். நேற்று இரவு அழைத்தாள். முதல் கோப்பை முழுக்கப் படித்துவிட்டாளாம். அதில் அப்பா தன் முதல் சைக்கிளைப் பற்றி எழுதியிருக்கிறார்.