சால்டரிங் சாமான் வாங்கணும், எதுல காசு போடலாம்?

கேள்வி:
வணக்கம், பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் போர்டுனு வீட்ல நோண்ட ஆரம்பிச்சிருக்கேன். கையில 2000 ரூபா தான் இருக்கு. ஆன்லைன்ல 60 பீஸ் கிட் ஒண்ணு பாத்தேன், அத வாங்கிடலாமாண்ணா, இல்ல தனித்தனியா வாங்கணுமா?

பதில்:
தம்பி, கிட் வேணாம். நான் வாங்கி பட்டுட்டேன், கட்டர் பத்தே நாள்ல மழுங்கிடுச்சு, பாதி ஸ்க்ரூடிரைவர இன்னும் தொடவே இல்ல. சென்னைல இருந்தா எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போயி 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 லெட் (60% வெள்ளீயம், 40% காரீயம் கலந்த சால்டர் கம்பி), ஃப்ளக்ஸ் (லெட் நல்லா ஒட்டறதுக்கு தடவுற பேஸ்ட்), ஒரு நல்ல கட்டர், இவ்ளோ போதும், மத்தத வேலை வரும்போது ஒண்ணொண்ணா வாங்கிக்கோ. லெட்ல மட்டும் காசு மிச்சம் பிடிக்காத, மட்டமானது ஒட்டாம உருண்டையா நிக்கும், நல்லது 190 டிகிரி பக்கத்துலயே தண்ணி மாதிரி ஓடி பளபளன்னு உக்காரும்.

பதில்:
அண்ணன் சொன்னது சரி. வோல்ட், கரண்ட் அளக்கற மல்டிமீட்டர் பத்தி நான் சொல்றேன், அந்த மஞ்சக் கலர் 830 டைப் சின்ன மீட்டர் பேட்டரி வேலைக்கு தாராளமா போதும். ஆனா பல மாடல்ல 10 ஆம்பியர் ஓட்டைக்கு ஃப்யூஸே கிடையாது, 230 வோல்ட் பக்கம் தயவுசெஞ்சு கொண்டு போகாதீங்க ப்ரோ, கரண்ட் லைன் பாக்கணும்னா காசு சேத்து நல்ல மீட்டரா வாங்குங்க.

கேள்வி:
ரொம்ப நன்றிண்ணா. அயர்னோட நுனி, அதான் பிட், சீக்கிரம் கருத்துடுது, உப்புத்தாள் போட்டு தேய்க்கலாமா?

பதில்:
கோட்டிங் போட்ட பிட்னா தேய்க்கவே கூடாது தம்பி, கோட்டிங் போச்சுன்னா பிட்டே போச்சு. ஈர ஸ்பாஞ்ச்ல தொடச்சு, ஆஃப் பண்றதுக்கு முன்னாடி நுனில கொஞ்சம் லெட் பூசி வை.