மூன்று வருடம் பூசைக்குப் போகவில்லை. துக்கத்தில் திரும்பி வந்தது விசுவாசமா?

கடைசிபெஞ்ச்:
எனக்கு 17 வயது. கத்தோலிக்கக் குடும்பம். 14 வயதில் பூசைக்குப் போவதை நிறுத்தினேன். மறைக்கல்வி வகுப்பில் ஆதாம் ஏவாளையும் பரிணாமத்தையும் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். "இப்படிக் கேட்பதே பாவம்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு வயிற்றுவலி என்றேன். அப்புறம் பரீட்சை என்றேன். கொஞ்ச நாளில் வீட்டிலும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

நான்கு மாதம் முன்பு பாட்டி இறந்துவிட்டார். அடக்கத் திருப்பலியில் எல்லோரும் நன்மை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்க எழுந்து போனார்கள், நான் மட்டும் பெஞ்சில் இருந்தேன். அன்று இரவு பாட்டியின் ஜெபமாலையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். "இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும்" என்ற இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. அதிலிருந்து ஞாயிறுதோறும் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். நன்மை வாங்குவதில்லை.

என் நண்பன், "இது விசுவாசம் இல்லை, துக்கம். துக்கம் ஆறினால் இதுவும் போய்விடும்" என்கிறான். குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாமா, முழுசாக நம்பிக்கை வரும்வரை காத்திருக்கவா?

விலகியவன்:
தம்பி, உன் நண்பன் சொன்னதில் உண்மை இருக்கிறது. எனக்கு 31 வயது, 19-ல் விலகினேன். நடுவில் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது நானும் வராந்தாவில் நின்று ஜெபமாலை சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். அப்பா பிழைத்தார். ஆறு மாதத்தில் அந்த உணர்வு இருந்த இடம் தெரியவில்லை. அதை விசுவாசம் என்று நினைத்து வாக்கு எதுவும் கொடுத்திருந்தால் பொய்யனாகியிருப்பேன். ஒரு வருடம் பொறு. அப்போதும் போகத் தோன்றினால் போ.

மறைக்கல்வி ஆசிரியை:
முதலில், அந்த வகுப்பில் உனக்கு நடந்தது தவறு. 22 வருடமாக இந்த வேலையைச் செய்கிறவள் என்ற முறையில் வருத்தப்படுகிறேன். அந்தக் கேள்வி பாவமே இல்லை. மனித உடல் முந்தைய உயிர்களிலிருந்து தோன்றியதா என்று ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950-லேயே 'ஹுமானி ஜெனரிஸ்' சுற்றுமடலில் எழுதிவிட்டார். பிரபஞ்சம் ஒரு தொடக்க அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தை 1931-ல் முன்வைத்த ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர்.

இனி உன் நண்பன் சொன்னது. லூக்கா நற்செய்தி 15-ல், சொத்தில் பங்கு வாங்கிப் போய் அழித்துவிட்ட ஊதாரி மகன் எதற்காக வீட்டுக்குக் கிளம்பினான்? அப்பாவின் மேல் பாசம் பொங்கியா? இல்லை, பசி. வேலைக்காரர்கள் வயிறாரச் சாப்பிடுகிறார்களே என்ற நினைப்புதான் அவனை எழுப்பியது. வழியில் சொல்ல ஒரு பேச்சைக்கூடத் தயார் செய்கிறான், "உம் கூலியாள்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்" என்று முடிகிற பேச்சு. அந்தக் கடைசி வரியை அவன் சொல்லவே இல்லை, வசனத்தை எடுத்துப் பார். அதற்குள் அப்பா ஆடையையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். எதற்காக வந்தாய் என்று ஒரு கேள்வி கிடையாது.

1551-ல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் இதையே போதனையாகச் சொன்னது. பாவத்துக்காக வருந்துவதைத்தான் மனஸ்தாபம் என்கிறோம். கடவுள்மீதுள்ள அன்பால் மட்டும் வரும் உத்தம மனஸ்தாபம் சிறந்தது. ஆனால் பயத்தால் வரும் குறைபட்ட மனஸ்தாபமும், பாவத்தை விட்டுவிடும் எண்ணம் இருந்தால், பாவசங்கீர்த்தனத்துக்கு வர ஒருவனைத் தகுதியாக்கும். பயத்துக்கே இடம் உண்டென்றால் துக்கத்துக்கு இல்லையா?

விலகியவன்:
அக்கா, நீங்கள் மரியாதையாகப் பேசுகிறீர்கள், நானும் அப்படியே கேட்கிறேன். பயம் இருந்தாலும் வரலாம் என்று ஒரு பொதுச்சங்கமே சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. எனக்கு 9 வயதில், மன்னிப்புப் பெறாமல் செத்தால் நரகம் என்கிற சாவான பாவம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு ஞாயிறு காய்ச்சலில் பூசைக்குப் போகவில்லை. அன்று இரவு தூக்கத்திலேயே செத்தால் நரகம் என்று நினைத்துப் போர்வைக்குள் விழித்தபடியே கிடந்தேன். காய்ச்சலுக்கு விலக்கு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பயத்தையும் வாசல் என்பீர்களா?

இன்னொன்று, அதே 1950 சுற்றுமடல் ஆதாம் ஒரே மனிதர் இல்லை என்ற கருத்துக்கு இடம் தரவில்லை. பையன் கேட்டது ஆதாமைப் பற்றி. பாதி பதிலைத்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

மறைக்கல்வி ஆசிரியை:
இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன், அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் இறையியலார்கள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதலாவதுக்கு என்ன சொல்வது? 9 வயதுப் பிள்ளையை அப்படி விழித்திருக்க வைத்தது போதனையும் இல்லை, நல்ல வளர்ப்பும் இல்லை. திரெந்து சொன்னது, பயத்தோடு ஏற்கெனவே வந்து நிற்கிறவனைத் திருப்பி அனுப்பாதே என்பது. வருவதற்காகப் பயமுறுத்து என்று அது சொல்லவில்லை. இரண்டையும் குழப்பியவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

பாடற்குழு:
ஏன் இவ்வளவு யோசனை? தம்பி, வருகிற ஞாயிறு போய் நன்மை வாங்கு. கடவுள் மனசைத்தான் பார்க்கிறார்.

மறைக்கல்வி ஆசிரியை:
இப்படிச் சொல்லாதீர்கள், ஐயா. சாவான பாவம் இருப்பதாக மனசாட்சி சொன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் 916 சொல்கிறது. அவசரக் காரணம் இருந்து, பாவசங்கீர்த்தனத்துக்கு வழியே இல்லாவிட்டால்தான் விலக்கு. அப்போதும் உத்தம மனஸ்தாபமும், சீக்கிரமே போய்ச் சொல்லும் எண்ணமும் வேண்டும். இவனுக்கு வழி இருக்கிறது.

விலகியவன்:
இதில் நான் ஆசிரியை பக்கம். நாலு மாதமாக எல்லோரும் எழுந்து போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான். 17 வயதில் அது எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியும். அந்த நேர்மையைக் கெடுக்காதீர்கள்.

ஓர் அம்மா:
இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் மகனை 15 வயதில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். திருப்பலி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருப்பான். இப்போது அவனுக்கு 20, வாசல்வரைகூட வருவதில்லை. யாரையும் மனசாட்சிக்கு எதிராக விசுவாசத்துக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது என்று பிற்பாடுதான் ஒரு குருவானவர் சொன்னார். அகுஸ்தினார் 387-ல் ஞானஸ்நானம் வாங்கும்போது அவருக்கு 32 வயது. அவருடைய அம்மா மோனிக்கா அத்தனை வருடம் அவருக்காக அழுதார். அதை நினைத்துத்தான் நாளை ஓட்டுகிறேன். தம்பி, நீ திரும்பப் போகிறாய் என்று உன் அம்மாவுக்குத் தெரியுமா? என்ன சொன்னார்?

கடைசிபெஞ்ச்:
தெரியும் ஆன்ட்டி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் என் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்குகிறது.

ஓர் அம்மா:
உன் அம்மாவுக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லாமல் போய்விட்டது.

விலகியவன்:
தம்பி, ஒன்று நேராகக் கேட்கிறேன். கடவுள் இருக்கிறார் என்று இப்போது நம்புகிறாயா?

கடைசிபெஞ்ச்:
சில நாள் ஆமாம். சில நாள் பாட்டி எங்குமே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

மறைக்கல்வி ஆசிரியை:
புனித சிறுமலர் தெரேசா 1896 பாஸ்கா (ஈஸ்டர்) காலத்திலிருந்து அடுத்த ஆண்டு செப்டம்பரில் 24 வயதில் சாகும்வரை இதே இருட்டில்தான் இருந்தார். மோட்சம் என்று ஒன்று இல்லவே இல்லை என்ற நினைப்பு அவரை விடவில்லை. மடத்துக்குள், கன்னியராக இருந்துகொண்டே. அவரைத்தான் பிறகு மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே போதிக்கும் தகுதியுள்ள புனிதர், என்று அறிவித்தார்கள். முழுசாக நம்பிக்கை வரட்டும் என்று நீ காத்திருந்தால் அந்த நாள் யாருக்குமே வராது, அப்பா. மாற்கு நற்செய்தியில் நோயுற்ற மகனின் தகப்பன், நம்புகிறேன் என்று சொன்ன அதே மூச்சில் நம்பிக்கையின்மை நீங்க உதவி கேட்கிறான். அவன் பிள்ளை குணமானான்.

விலகியவன்:
குணமாகாத பிள்ளைகளின் தகப்பன்களும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள், அக்கா. அதற்கு என்னிடமும் பதில் இல்லை, உங்களிடமும் இருக்காது. தம்பி, உன் இஷ்டம். ஆனால் போனால் இந்தச் சந்தேகத்தையும் மறைக்காமல் சொல். நான் சிறுவனாக இருந்தபோது 'பொய் சொன்னேன், தங்கையை அடித்தேன்' என்று மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, உள்ளே அரித்துக்கொண்டிருந்ததை ஒருநாளும் சொன்னதில்லை.

மறைக்கல்வி ஆசிரியை:
இவர் சொல்வதைக் கேள். பயப்படாதே, நீ சொல்வதைக் குருவானவர் யாரிடமும் வாய் திறக்க முடியாது. மீறினால் அந்தக் கணமே அவர் திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டவர்.

கடைசிபெஞ்ச் (ஒன்பது நாள் கழித்து):
சனிக்கிழமை சாயந்திரம் போனேன். எனக்கு முன்னால் நான்கு பேர். இரண்டு தடவை எழுந்து வெளியே போய்த் திரும்பி வந்தேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டதும் எப்படி ஆரம்பிப்பது என்றே மறந்துவிட்டது. "சாமி, மூன்று வருடம் ஆயிற்று" என்று மட்டும் சொன்னேன். "சரி, வந்துவிட்டாயே" என்றார். பாட்டியைச் சொன்னேன், நம்பிக்கை வந்து வந்து போவதையும் சொன்னேன். உத்தம மனஸ்தாப மந்திரம் பாதிக்கு மேல் வரவில்லை. அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நான் பின்னால் சொன்னேன்.

ஞாயிறு நன்மை வாங்கினேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அம்மா என் முழங்கை மேல் கையை வைத்தார், பூசை முடியும்வரை எடுக்கவில்லை.

விலகியவன்:
சந்தோஷம் தம்பி, மனதாரச் சொல்கிறேன். ஆதாம் கேள்வியைக் கேட்டாயா?

கடைசிபெஞ்ச்:
கேட்டேன் அண்ணா. அது பாவம் இல்லை, அதற்கு இந்த இடம் போதாது என்றார். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் வரச் சொல்லியிருக்கிறார்.

விலகியவன்:
போய்விட்டு வந்து, அவர் சொன்னதை இங்கே எழுது. நானும் தெரிந்துகொள்ள வேண்டும்.