சாமான் அடைந்து கிடக்கும் சென்னை வீட்டை வெளிநாட்டில் இருந்துகொண்டு விற்பவர்களுக்கு

நேராகச் சொல்லிவிடுகிறேன், காயலான் கடைக்காரரை முதல் நாளே கூப்பிடாதீர்கள். இங்கே வந்து சேர்ந்து இன்னும் வேலையிலேயே நிலைகொள்ளாத நேரம், கிடைத்த லீவோ கொஞ்சம், ஊரில் போய்ப் பூட்டைத் திறந்தால் பரண் முதல் பாத்ரூம் வரை சாமான். மொத்தமாக ஒரு ரேட் பேசி வண்டியில் ஏற்றிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த வண்டியில் மூலப் பத்திரமும் சேர்ந்து போய்விட்டால் அப்புறம் போலீஸ் புகார், பேப்பரில் விளம்பரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் என்று அலைய வேண்டும். வாங்க வந்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

இப்படிப் பொருள் சேர்க்கிறவர்கள் வீட்டில் பத்திரம் பீரோவில் இருக்காது. பீரோ எப்போதோ நிறைந்துபோயிருக்கும், அதன் கதவைத் திறக்க முடியாதபடி முன்னால் அட்டைப்பெட்டிகள் நிற்கும். நங்கநல்லூரில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு ஆள் உடம்பைத் திருப்பிக்கொண்டு நடக்கிற அளவுக்குத்தான் வழி. இரண்டு பக்கமும் இடுப்புயரம் பேப்பர் கட்டு, காலி ஹார்லிக்ஸ் பாட்டில், கழுவிக் காயவைத்து ரப்பர் பேண்டு போட்ட பால் கவர். பத்திரம் எங்கே கிடைத்தது தெரியுமா? ஒரு மிக்சி அட்டைப்பெட்டிக்குள், துணிக்கடைப் பையில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில். கூடவே 2004ல் மாடி எடுத்தபோது வாங்கிய சிமென்ட், கம்பி பில்கள். அண்ணன் அதைக் கிழிக்கப் போனான். விற்ற லாபத்துக்கு வரி கணக்கிடும்போது, 2001 ஏப்ரல் 1க்கு முன்னால் வாங்கிய வீடு என்றால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் காட்டலாம் (அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது), அதற்கப்புறம் கட்டிய செலவையும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் பில் வேண்டும். அந்தக் குப்பைக்குள் கிடப்பது உங்கள் வரிப் பணம்.

அதனால் முதல் சுற்றில் காகிதத்தை மட்டும் பிரித்தெடுங்கள். வாரப் பத்திரிகைகளை ஒவ்வொன்றாக உதறுங்கள், புடவை மடிப்பு, அரிசி டின், ஷெல்ஃபில் விரித்த நியூஸ்பேப்பருக்கு அடியில் என்று எல்லாவற்றையும் பாருங்கள். பாஸ்புக், எஃப்.டி. ரசீது, ஷேர் சான்றிதழ், எல்.ஐ.சி. பாண்டு எல்லாம் தனிப் பையில். பேங்க் டெபாசிட் மறந்துபோயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். பழைய 500, 1000 கட்டு கிடைத்தால் குதிக்க வேண்டாம், 2016 நவம்பரில் செல்லாமல் போனவை, பத்துக்கு மேல் வைத்திருப்பதே 2017 சட்டப்படி குற்றம். 2000 ரூபாய் நோட்டு என்றால் கதை வேறு, ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கியில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அப்புறம்தான் காயலான் கடை. பித்தளை அண்டா, வெண்கலப் பானையை இரும்போடு சேர்த்து எடை போட விடாதீர்கள். பிய்ந்த மெத்தை, உடைந்த சோபாவுக்கு மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்தால் சனிக்கிழமை வந்து எடுத்துப்போகிறார்கள். பைண்டு பண்ணிய பழைய தொடர்கதைகள் இருந்தால் கிலோ கணக்கில் போடும் முன் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தை ஒரு வார்த்தை கேளுங்கள். எலிப் புழுக்கை உள்ள இடத்தில் கையுறை, மாஸ்க் கட்டாயம், எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை.

அப்பாவோ அம்மாவோ இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அவரைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு வீட்டைக் காலி பண்ணுவது நடக்கிற விஷயம்தான், பலரும் செய்கிறார்கள், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. பலனும் இல்லை, திரும்பச் சேர்ப்பார், உங்களை நம்பவும் மாட்டார். இப்படி எதையும் விடாமல் சேர்த்துவைப்பதை ஒரு தனி மனநலக் கோளாறாகவே 2013லிருந்து டாக்டர்கள் வகைப்படுத்துகிறார்கள். அண்ணா நகர் ஸ்கார்ஃப் மனநல மையம், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இரண்டிலும் டாக்டரைப் பார்க்கலாம். வீடு அவர் பேரில் இருந்தால் விற்பதும் அவர் முடிவுதான்.

விலைக்கு வருவோம். தனி வீடு என்றால் சென்னையில் மனைக்குத்தான் காசு, கிரவுண்டுக்கு, அதாவது 2400 சதுர அடிக்கு, இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். வாங்குகிறவர் இடிக்கத்தான் போகிறார். பெயின்ட் அடித்தால் விலை ஏறும் என்று புரோக்கர் சொல்வதைக் கேட்காதீர்கள், காலி பண்ணிக் கூட்டிவிட்டால் போதும். ஃபிளாட் என்றால் மட்டும் கரையான், கசிவு, நாற்றம் எல்லாம் விலையைத் தின்னும், அங்கே செலவு பண்ணலாம்.

நாம் என்.ஆர்.ஐ. என்பதால் வாங்குகிறவர் விலையில் ஒரு சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) பிடித்தால் போதாது. 2024 ஜூலை 23 முதல் விற்றால் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம், இண்டெக்சேஷன் (விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டிக் காட்டுவது) கிடையாது. ஆனால் குறைவாகப் பிடித்தால் போதும் என்று வருமான வரித் துறை தரும் குறைந்த டிடிஎஸ் சான்றிதழ் வாங்காவிட்டால் லாபத்தில் இல்லை, மொத்த விலையிலேயே பிடிப்பார்கள், ரீஃபண்டுக்கு அப்புறம் காத்துக் கிடக்க வேண்டும். அக்ரிமென்ட் போட்ட கையோடு ஆடிட்டரிடம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பணம் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (என்.ஆர்.ஐ.கள் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய் கணக்கு) வரும், அங்கிருந்து ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை வெளியே எடுக்கலாம்.

அப்பா அம்மா இல்லை என்றால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அதில் பேர் உள்ள எல்லோரின் கையெழுத்தும் வேண்டும், கல்யாணமாகிப் போன அக்கா தங்கை உட்பட. நேரில் வர முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் அத்தாட்சி செய்து அனுப்பலாம், ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். பவர் யார் பேரில் எழுதுவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது உங்கள் குடும்பப் பஞ்சாயத்து.