புதுப்பிப்பு: பைக் விபத்து கிளைம் இரண்டு முறை திரும்பி வந்த விவகாரம், தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அமெரிக்க நோயாளி, பைக்கில் போகும்போது கார் மோதி வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. அவருடைய சிகிச்சைச் செலவுக்காக இன்சூரன்ஸுக்கு நான் கோடு போட்டு அனுப்பிய கிளைம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது, ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன்.

எலும்பு முறிவைக் குறிக்கும் கோடில் (code) தான் தப்பு என்று நினைத்தேன். அதில் ஒன்றுமில்லை. "சிகிச்சை நடந்த தேதிக்கு உரிய வருடக் கோடு பட்டியலைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. விபத்து எப்படி நடந்தது என்று சொல்லும் வி கோடாக நான் போட்டது வி23.4எக்ஸ்எக்ஸ்ஏ. 2022 அக்டோபர் 1 முதல் அது செல்லாது. மின்சார சைக்கிள் ஓட்டியவருக்கு வி23.41எக்ஸ்ஏ, மற்ற மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்கு வி23.49எக்ஸ்ஏ என்று பிரித்துவிட்டார்கள். என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய சீட்டை நம்பியது என் தப்பு. கிழித்துப் போட்டாச்சு.

வி கோடையே எடுத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. தேசிய அளவில் அது கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கள் கிளையன்ட் கேட்கிறார், அதனால் முடியவில்லை. போட்டாலும் முதல் கோடாகப் போடக்கூடாது, காயத்தின் கோடுக்குப் பிறகுதான்.

எதிர்பாராதது ஒன்று: கோடைத் திருத்தியும் மூன்றாவது முறை திரும்பியது! கிளைம் அனுப்பும் சிஎம்எஸ்-1500 படிவத்தில் 10பி கட்டத்தில் வாகன விபத்துக்கு 'ஆம்' போட்டுவிட்டு, விபத்து நடந்த மாநிலத்தின் இரண்டெழுத்தை விட்டிருந்தேன். அதையும் நிரப்பி அனுப்பினேன், போன வாரம் பணம் வந்துவிட்டது.

அப்புறம், முக்கிய சிகிச்சை முடிந்து குணமாகும் கட்டத்தில் வரும் அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கு வி கோடின் கடைசி எழுத்து ஏ இல்லை, டி.