காலாவதியான சுகர் ஸ்ட்ரிப் இருந்தால் கொடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இருப்பவர்களிடம் ஓர் உதவி. என் எம்.எஸ்சி. வேதியியல் ப்ராஜெக்ட்டுக்குக் காலாவதியான, பயன்படுத்தாத சுகர் ஸ்ட்ரிப்கள் (வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியில் செருகும் பட்டைகள்) வேண்டும். ரத்தம் பட்டது வேண்டாம்.

எங்கள் ஆயா ஸ்ட்ரிப் டப்பாவை அடுப்படியில் மூடாமல் வைத்திருந்தார்கள். பத்தே நிமிட இடைவெளியில் 142, 189 என்று காட்டியது. பயந்துபோனார்கள், பாவம்.

நொதியை (வேதிவினையை வேகப்படுத்தும் என்சைம்) மின்முனையோடு (எலக்ட்ரோடு) சேர்த்துக் குளுக்கோஸை அளக்கும் வழியை 1962இல் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் சொன்னார். இன்றைய ஸ்ட்ரிப்பில் நொதி குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களை எடுக்கிறது. அந்த மின்னோட்டம்தான் திரையில் எண்ணாகிறது. ஈரமும் சூடும் பட்டால் நொதி கெடும். நம்மூர் வெயிலில் எவ்வளவு கெடுகிறது என்று அளக்க ஆசை.

டப்பாவோடு கொடுங்கள், தேதி தெரிய வேண்டும். வீட்டில் எங்கே வைத்திருந்தீர்கள் என்றும் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அப்புறம், சிக்ரியில் (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மின்வேதியியல் தெரிந்தவர்கள் யாராவது கொஞ்ச நேரம் பேச முடியுமா?