கத்திரி வெயிலிலும் காயாத சுவர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. எங்கள் வீட்டு வாசல்படியோடு நின்றுவிட்டது, உள்ளே வரவில்லை. பொங்கலுக்கு முன் படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தது. "வெள்ளத் தண்ணி சுவத்துல ஏறியிருக்கும்மா, நாலு நாள் வெயில் அடிச்சா சரியாயிடும்" என்றார் பெயிண்டர். சுரண்டி, புட்டி பூசி, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போனார்.

மார்ச் மாதம் அதே இடம் மறுபடி பொரிந்தது. வெள்ளையாக உப்பு பூத்து, கை வைத்தால் மாவாகக் கொட்டியது. அந்தச் சுவரை ஒட்டித்தான் மரப் பீரோ இருந்தது. மகனுக்கோ ராத்திரி படுத்தால் இருமல். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது ஒன்றுமில்லை. அவனைப் பார்க்கும் டாக்டர்தான், "படுக்கிற ரூம்ல ஓதம் இருக்காம்மா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் பீரோவை இழுத்துப் பார்த்தோம். பின்பலகை முழுக்கக் கரும்பச்சைப் பூசணம், வெல்வெட் துணி ஒட்டினாற்போல. கீழ்த்தட்டில் இருந்த என் கூறைப்புடவையில் மடிப்பு ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன்.

மே மாதம் கத்திரி தொடங்கியது. மொட்டை மாடியில் வடாம் ஒரே நாளில் காய்கிறது, இந்தச் சுவர் மட்டும் சில்லென்று இருக்கிறது. மழைத் தண்ணீர் என்றால் இதற்குள் காய்ந்திருக்க வேண்டாமா? அப்போதுதான் உறைத்தது, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம்.

இந்தத் தடவை பெயிண்டரைக் கூப்பிடவில்லை, பிளம்பரைக் கூப்பிட்டோம். முதலில் குழாயில் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றினார். மீட்டர் முள் இறங்கவே இல்லை, அதனால் குழாயில் கசிவு இல்லை. அப்புறம் பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்பி, அரை பாட்டில் சொட்டு நீலத்தை ஊற்றச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் படுக்கையறைச் சுவரின் அடியில் வெளிர் நீலமாக ஒரு கோடு! டைல்ஸ் இடுக்கில் இருந்த ஒயிட் சிமெண்ட் கரைந்து, தினமும் நாங்கள் குளித்த தண்ணீர் அது வழியாக இறங்கியிருக்கிறது. புயலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இடுக்குகளைக் கீறி எபாக்ஸி நிரப்பினோம். ஈரக்கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரிய ஒரு மாதம் ஃபேன் போட்டுக் காயவைத்தோம். பார்க்க அசிங்கமாக இருந்தது, அவசரப்படவில்லை. பூசணத்தை மட்டும் காய்ந்தபடி துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூளாகி மூச்சில் ஏறும். நனைத்து, முகக்கவசம் போட்டுத் துடையுங்கள். ப்ளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிடையும் சேர்த்து ஊற்றவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

கும்பகோணத்தில் என் நாத்தனார் வீடு வேறு கதை. பழைய ஓட்டு வீடு, தரையிலிருந்தே ஓதம் ஏறுகிறது. மறைக்க நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். வெளியேற வழியில்லாமல் ஈரம் டைல்ஸைத் தாண்டி ஐந்தடிக்கு மேல் போய்விட்டது. "அண்ணி, முதல்ல டைல்ஸைப் பேத்து எடுங்க, சுவர் மூச்சு விடட்டும்" என்று சொல்லியிருக்கிறேன். சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புப் பூச்சே போடலாம் என்கிறார் அங்கே ஒரு வயதான கொத்தனார். தை பிறந்ததும் வேலை ஆரம்பிக்கிறார்கள்.

எங்கள் பீரோ இப்போது சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி நிற்கிறது. மகன் இருமல் இல்லாமல் தூங்குகிறான். புடவையில் கறை போகவில்லை, அப்படியே பருத்தித் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.