காரங்காடு, ஓரியூர்: போய் வந்தவங்க சொல்றது

தேவகோட்டையிலிருந்து ஒருவர்:

கடல் பார்க்கணும்னா நம்ம ஆட்கள் நேரா ராமேஸ்வரத்துக்குத்தான் வண்டியைக் கட்டுறோம். கிட்டக்க இருக்கிற காரங்காட்டை ஒரு தடவை பாருங்க. திருவாடானை வழியா தொண்டி. அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சுத் தெற்கே போனா, நம்புதாளை தாண்டி வர்ற மீனவக் கிராமம். அயித்தையையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன்.

வனத்துறை படகு விடுது. ஓட்டினது உள்ளூர்த் தம்பி. ரெண்டு கரையிலும் அலையாத்தி மரம். சேத்துலேர்ந்து வேரெல்லாம் விரல் விரலா மேலே நீட்டிக்கிட்டு நிக்குது. சேத்துக்குள்ள காத்து கிடையாது, அந்த வேர் வழியாத்தான் மரம் மூச்சு விடுமாம். ஒரு இலையைப் பறிச்சு அடிப்பக்கம் திருப்பி, "நாக்குல வச்சுப் பாருங்க ஆத்தா"ன்னு கொடுத்தார்.

"அட, உப்புக் கரிக்குதுப்பா!"

உறிஞ்சின தண்ணியில இருக்கிற உப்பை இலை வழியா மரமே வெளியே தள்ளிடுது. எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். அயித்தை முகத்துல பார்த்தப்பதான் மனசுல பதிஞ்சது.

கரையில ஊர்ப் பொம்பளைங்க சமைச்சுத் தர்றாங்க. நண்டு சூப்பைக் குடிச்சுட்டு அயித்தை நேரா அடுப்படிக்கே போயிட்டாங்க.

"நாங்க நண்டுக்காலைத் தட்டிப் போட்டு, மிளகு, சீரகம், சோம்பு அரைச்சு விடுவோம்."

"சோம்பு வேணாங்க்கா, நண்டோட இனிப்பை அமுக்கிரும்"னாங்க சமைச்சுக்கிட்டிருந்த அக்கா.

ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கவே இல்லை. கிளம்புறப்ப அந்த அக்கா அயித்தை கையைப் பிடிச்சு, "அடுத்த தடவை நீங்க வந்து வைங்க, நாங்க குடிக்கிறோம்"னாங்க. எனக்கு அது ரொம்பப் பெரிய சந்தோஷம். போறவங்க பிளாஸ்டிக்கைத் தண்ணியில போட்டுறாதீங்க. அந்த வேருக்கடியிலதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளருது; ஊர்க்காரங்க பிழைப்பே அதுல இருக்கு.

காரைக்குடியிலிருந்து இன்னொருவர்:

ஓரியூரையும் சேர்த்துக்கோங்க. போர்ச்சுகல்லேர்ந்து வந்த கிறிஸ்தவப் பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693-ல தலை வெட்டப்பட்ட ஊர். 1947-ல புனிதர் பட்டம் கொடுத்தாங்க. அங்கே மணல் சிவப்பா இருக்கும், அவர் ரத்தம் பட்டதாலன்னு நம்பிக்கை. பிள்ளையார்பட்டிக்குத் தவறாம போற எங்கம்மா, அங்கேயும் ஒரு பிடி மண்ணை முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. பக்கத்துல மண்டி போட்டிருந்த ஒரு பாட்டி, "பேரப்பிள்ளைக்கு நெத்தியில பூசுத்தா"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் முன்னப்பின்ன பழக்கமே இல்லை.

திருவாடானையில ஆதிரத்தினேசுவரர் கோயில், சம்பந்தர் பாடின தலம். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அதனால கோயிலை முதல்ல முடிச்சுட்டுக் கடல் பக்கம் போங்க.